லாம்டனின் தொலைநோக்கியும் பக்கத்து வீட்டுத் தம்பியின் துப்பாக்கியும்



போன மாதம் பாம்பன் பழைய பாலத்தைப் பற்றி எழுதியபோது, "சர்வேயர் சார், உங்கள் உத்தியோகத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்" என்று இரண்டு மூன்று பேர் போனில் கேட்டார்கள். எழுத ஒரு காரணமும் தானாகவே வந்து வாசலில் நின்றது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மத்திய காவல் படையில் இருக்கிறான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. விடுமுறையில் வந்திருந்தவன் மாலையில் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. என்ன மாப்ள என்றேன்.

"மாமா, படைப்பிரிவுப் போட்டிக்கு என்னைத் தேர்வு செய்திருந்தார்கள். தொலைநோக்கி வைத்த துப்பாக்கி. முதல் நாள் நன்றாகச் சுட்டேன். இரண்டாம் நாள் குண்டெல்லாம் வலது பக்கம் போகிறது. குமிழைத் திருப்பி இடது பக்கம் கொண்டுவந்தேன். அடுத்த நாள் மறுபடியும் வலது பக்கம். திருப்பித் திருப்பி, இப்போது குமிழ் இதற்கு மேல் திரும்பவே மாட்டேன் என்கிறது. நீதான் விசையை வெடுக்கென்று இழுக்கிறாய் என்கிறார் வாத்தியார். கண்ணாடியில்தான் கோளாறு என்கிறேன் நான். அடுத்த மாதம் ஒரு வாய்ப்பு தருவார்களாம். அதிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள்."

எனக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் .22 துப்பாக்கியில் ஐந்து குண்டு சுட்டதோடு சரி. ஆனால் குறுக்குக்கம்பி போட்ட தொலைநோக்கியோடு 32 வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். தியோடலைட்டில் இருப்பதும் அதே குறுக்குக்கம்பிதான். அதையும் ஓர் உலோகத் தளத்தில் திருகு போட்டுத்தான் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கண்ணாடியைச் சந்தேகப்படுகிறாய், உன்னையும் சந்தேகப்படுகிறாய். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தாயா?"

"எது மாமா?"

"இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற திருகு."

அன்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். 200 வருடத்துக்கு முன் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

அரை டன் எடைத் தொலைநோக்கி

வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயர் தெரியாமல் எங்கள் துறையில் யாரும் ஓய்வு பெற முடியாது. 1799இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். அந்தப் போர் முடிந்ததும், தென்னிந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துவிடலாம் என்று கம்பெனி அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். பூமி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதையும் அதே அளவையில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய தனி ஆசை.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. 100 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியால் அதை அளந்து முடிக்க மே 22 ஆகிவிட்டது. சென்னைச் சித்திரை வெயிலில் ஆறு வாரம். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதன் மேல் நிழல் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, நீண்ட அளவைக் கணக்கில் கழித்துக்கொண்டே போனார்கள்.

ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால் அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. அந்தக் கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்து, இரண்டு கோணங்களை அளந்தால் போதும். மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆக எல்லாமே கோணத்தில் இருக்கிறது. கோணத்தை அளக்கும் கருவி கொஞ்சம் தப்பினாலும், தப்பு முக்கோணத்துக்கு முக்கோணம் ஏறிக்கொண்டே போகும்.

அந்தக் கருவியைத்தான் பெரிய தியோடலைட் என்று சொல்வார்கள். லண்டனில் கேரி என்பவர் செய்தது. கோணம் குறித்திருக்கும் வட்டத்தின் விட்டம் மட்டும் 36 அங்குலம். எடை சுமார் அரை டன். அது இந்தியா வந்து சேர்ந்ததே ஒரு கதை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு ஆளுநர், இது போர்ச் சாமான் அல்ல, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார். யுத்த காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று.

தஞ்சாவூரில் நடந்தது

மலைப் பிரதேசத்தில் அளப்பது எளிது. ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்று தெரியும். காவிரிச் சமவெளிக்கு வந்தபோது லாம்டனுக்குச் சிக்கல். எங்கு பார்த்தாலும் வயலும் தென்னந்தோப்பும்தான். கருவியை வைக்க உயரமான இடமே கிடையாது. கோயில்கள் இருக்கும்போது என்ன கவலை என்று கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். கப்பியும் வடமும் கட்டி, அரை டன் கருவியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கருவி சுவரில் மோதாமல் இருப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டி விலக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கக் கயிறு அறுந்தது. கருவி ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய்க் கற்சுவரில் மோதியது. கோணம் குறித்த வட்டமே நெளிந்துபோனது. அதைத் தாங்கும் ஆரக்கால்கள் வளைந்துவிட்டன.

நெளிவு என்றால் எவ்வளவு நெளிவு என்று கேட்கலாம். ஒரு டிகிரியில் 3,600 விநாடி. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விநாடி என்பது ஓர் அங்குலத்தைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். 50 மைல் தூரத்துக் குன்றைப் பார்க்கும்போது, அந்த ஒரு விநாடி அங்கே சுமார் 15 அங்குலமாக விரிந்துவிடும். விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நெளிந்துவிட்டது என்றால், வேறு யாராக இருந்தாலும் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். புதுக் கருவி கடல் கடந்து வந்து சேர வருடங்கள் ஆகும்.

லாம்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். ஒரு கூடாரத்தை அடித்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. கருவியை அக்கக்காகக் கழற்றினார். ஒரு பெரிய தட்டைப் பலகையில், வட்டம் முதலில் எந்த அளவில் இருந்ததோ அதே அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டினார். நெளிந்த உலோக வட்டத்தை அதில் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து அந்த அளவுக்குப் பொருந்த வைத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? அவர் நேராக நெளிவைத் தட்டத் தொடங்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் கழற்றினார். அடுத்து, சரியான அளவு எது என்று பலகையில் தீர்மானித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சுத்தியைக் கையில் எடுத்தார். நம்மில் பலர் சுத்தியை முதலில் எடுத்துவிடுகிறோம்.

துப்பாக்கிக்கும் இதே வைத்தியம்தான்

இதைக் கேட்டதும் எங்கள் தம்பி, "மாமா, நான் செய்தது சுத்தியை முதலில் எடுத்த வேலைதானா?" என்றான். ஆமாம் என்றேன். துப்பாக்கித் தொலைநோக்கியில் இருக்கும் குமிழ், குறுக்குக்கம்பியை நகர்த்துவதற்காக வைத்தது. அடித்தளம் அசைகிறது என்றால் குமிழைத் திருப்பிப் பயனில்லை. ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சுவர்ப் படத்தை நேராக்குகிற கதை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் இதைப் புரிந்து வைத்திருந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'முந்நூற்று மூணு' என்று சொல்லும் லீ என்ஃபீல்டு துப்பாக்கியில், நன்றாகச் சுடுகிறவற்றைப் பொறுக்கி எடுத்துத் தொலைநோக்கி பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கிக்குச் சரிசெய்த தொலைநோக்கியை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. அதனால் துப்பாக்கியின் எண்ணைத் தொலைநோக்கியின் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையிலும் பொறித்து வைத்தார்கள். தாங்கியும் துப்பாக்கியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஜோடி மாறினால் குறி போச்சு.

நான் அவனுக்குச் சொன்ன வரிசையை இங்கே எழுதுகிறேன். நீங்கள் யாரும் துப்பாக்கி எடுக்கப் போவதில்லை. ஆனால் போட்டிகளுக்குப் போகிற பேரன் பேத்திகள் சிலருக்கு இருக்கலாம்.

முதலில், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு திருகுகளைப் பார்க்க வேண்டும். இரும்பும் கட்டையும் சேரும் இடத்துத் திருகு, துப்பாக்கி மேல் அடித்தளத்தைப் பிடிக்கும் திருகு, அடித்தளத்தின் மேல் வளையங்களைப் பிடிக்கும் திருகு. மூன்று இடம். கையில் இறுக்கமாகத் தெரிவது மட்டும் போதாது. திருகு குழியைவிட நீளமாக இருந்தால், அதன் நுனி குழியின் அடியில் முட்டி நின்றுவிடும். நமக்கு இறுகிவிட்ட மாதிரி இருக்கும். அடித்தளம் மட்டும் இறுகாமல் மயிரிழை அளவு ஆடிக்கொண்டிருக்கும். அதிகமாக இறுக்கினாலும் ஆபத்து. வளையம் குழாயை நசுக்கி உள்ளே இருக்கும் குறுக்குக்கம்பி நகரும் வழியையே கெடுத்துவிடும்.

இரண்டாவது, முன் வளையமும் பின் வளையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது. இரண்டுக்கும் நடுவில் 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஆறேழு சென்டிமீட்டர் விலகும். அதைக் குமிழால் ஈடுகட்டப் போனால், குமிழ் ஓடக்கூடிய தூரமெல்லாம் அதற்கே செலவாகிவிடும். எங்கள் தம்பியின் குமிழ் திரும்ப மறுத்ததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

மூன்றாவது, குறுக்குக்கம்பி நட்டுக்குத்தாக நிற்கிறதா என்பது. இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். தூரத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் வைத்துக்கொண்டு, நின்ற கம்பி நூலோடு ஒன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால், மேலே ஏற்றுவதாக நினைத்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும் குண்டு பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும்.

நான்காவது, தலையை லேசாக அசைத்துப் பார்ப்பது. கண்ணை இடமும் வலமும் நகர்த்தினால் கம்பியும் இலக்கின் மேல் நகருகிறதா? நகர்ந்தால், பிம்பமும் கம்பியும் ஒரே தளத்தில் இல்லை என்று அர்த்தம். தியோடலைட்டிலும் இதே பரிசோதனைதான். முதலில் கம்பி தெளிவாகத் தெரியும்படி கண் பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் முன் பக்கம்.

ஐந்தாவது, கம்பி குழாயின் நடுவில் இருக்கிறதா என்பது. அந்தக் காலத்தில் ஒய் மட்டம் என்று ஒரு கருவி இருந்தது. தொலைநோக்கியை இரண்டு கவைகளில் படுக்க வைத்திருப்பார்கள். அதைக் கவையிலேயே உருட்டினால், கம்பி வெட்டும் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் நடுவில் இல்லை. இன்று துப்பாக்கித் தொலைநோக்கியைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் கவை மாதிரி வெட்டி அதில் உருட்டிப் பார்க்கிறார்களாம். எங்கள் பாட்டன் காலத்து வித்தை இன்னும் சாகவில்லை.

ஆறாவதுதான் சுடுவது. ஒரு குண்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஐந்து குண்டு சுட்டு, அவை விழுந்த இடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தும் நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் அது நிலையான பிழை. குமிழால் தீரும். ஐந்தும் சிதறினால் ஏதோ ஆடுகிறது. ஒன்று திருகு, இல்லாவிட்டால் ஆள். குமிழைத் தொடவே கூடாது.

கடைசியாக, குமிழை மேலே 20 சொடுக்கு, வலது பக்கம் 20, கீழே 20, இடது பக்கம் 20 என்று சதுரமாகத் திருப்பிச் சுட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசிக் குண்டு முதல் குண்டு விழுந்த இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கண்ணாடியின் உள்ளேதான் கோளாறு. அப்போது சொல்லலாம் கண்ணாடியைக் குறை.

"தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வந்து பார். உன் வேலை சரியா தப்பா என்று அது சொல்லிவிடும்" என்று அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் கருவி விழுந்த கதை

1983இல் இந்தக் கடற்கரையில் ஒரு மீனவக் கிராமத்தில் மறு அளவை. கடற்கரைப் புறம்போக்கு எதுவரை, பட்டா நிலம் எதுவரை என்று கல் ஊன்ற வேண்டும். மணலில் முக்காலி சாய்ந்து தியோடலைட் கீழே விழுந்தது. நான்தான் காலைச் சரியாக ஊன்றவில்லை. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, ரசமட்டமும் ஓடியது. மேலே எழுதித் தெரிவித்தால் பழுது பார்க்கும் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். மகள் பிறந்து மூன்று மாதம். பேசாமல் வேலையைத் தொடர்ந்தேன்.

ஒவ்வொரு நிலையிலும் எல்லாப் புள்ளிகளையும் பார்த்து முடித்த பிறகு, தொலைநோக்கியை முதல் புள்ளிக்கே திருப்பி, முதலில் வந்த அளவு மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் விதி. வெயில் ஏறுகிறது என்று அதையும் விட்டேன். பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். விழுந்த அடியில் கீழ்த்தட்டைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தது. மேல்தட்டைத் திருப்பும்போது கீழ்த்தட்டும் கூடவே கொஞ்சம் இழுபட்டது. ஒவ்வொரு கோணமும் கொஞ்சம் குறைந்தது.

மூன்று நாள் அளந்து தொடங்கிய கல்லுக்கே வந்து சேர்ந்தபோது கணக்கு முடியவில்லை. வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வித்தியாசத்தை எல்லாக் கோணங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, கணக்கை முடித்துவிட்டேன். சின்னப் பிழைக்கு அது அனுமதிக்கப்பட்ட முறைதான். பெரிய பிழையை மறைக்க அதைப் பயன்படுத்தினால் அதற்குப் பெயர் வேறு.

கல் ஊன்றினோம். ஒரு விதவை அம்மாவின் வீட்டு மூலையும் அடுப்படியும் புறம்போக்குக்குள் போயின. அந்த அம்மா சண்டை போடவில்லை. "ஐயா, என் மாமனார் காலத்துப் பூவரச மரம் இது. மரம் நடந்து போயிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்று இரவு எங்கள் சங்கிலிக்காரர் என் தங்குமிடத்துக்கு வந்தார். வயதில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். "தம்பி, கருவி விழுந்ததை நானும் பார்த்தேன். ஆபீசுக்குச் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொம்பளைக்காவது சொல்ல வேண்டாமா?" என்றார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலையில் அறிக்கை எழுதினேன். வேறு கருவி வாங்கி வந்து, முதலிலிருந்து அளந்தேன். அடுப்படியும் மூலையும் பட்டாவுக்குள்ளேயே இருந்தன. பூவரச மரம் நடக்கவில்லை. என் சம்பளத்தில் நான்கு மாதம் பிடித்தம் செய்தார்கள். அந்த அம்மா ஒரு கூடை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கும்போது அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சரிபார்ப்புக் கோடு

லாம்டனுக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்கும். மரச் சுத்தியால் தட்டி எடுத்த கருவியை எப்படி நம்புவது? அதற்கு அவருடைய முறையிலேயே பதில் இருந்தது. ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதோடு, வெகு தூரம் போன பிறகு இன்னொரு கோட்டைத் தரையில் சங்கிலியால் அளப்பார். முக்கோணக் கணக்கில் வந்த நீளத்தையும் தரையில் அளந்த நீளத்தையும் ஒப்பிடுவார். தஞ்சாவூர் விபத்துக்கு அடுத்த வருடம், 1809இல், பாளையங்கோட்டைப் பக்கம் அப்படி ஒரு கோட்டை அளந்தார். கருவி பொய் சொன்னாலும் தரை பொய் சொல்லாது.

அவர் 1823 ஜனவரியில், நாக்பூருக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். கடைசி வரை அளந்துகொண்டே இருந்தவர். அவருக்குப் பின் வந்தவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் வைத்தார்களே, அவரேதான். ஒட்டுப்போட்ட பழைய கருவி எவரெஸ்டுக்குத் திருப்தி தரவில்லை. புதுக் கருவிகளை வரவழைத்தார். பின்னாளில் தெற்குப் பகுதியையும் மறுபடி அளந்தார்கள். 1868-69இல் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் புதிதாக அடிக்கோடு அளந்தது அந்தத் தொடரில்தான். அந்த வேலையின் ஒரு கிளை நம் கடற்கரை வழியாகப் போய் இலங்கையையும் இணைத்தது. லாம்டனைக் குறைவாகப் பேச இது காரணம் ஆகாது. தன் வேலையை இன்னொருவன் சரிபார்க்கும்படி குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போகிறவன்தான் நல்ல அளவைக்காரன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எவரெஸ்ட் காலத்தில் இந்தக் கருவிகளைப் பழுதுபார்த்தவர்களில் சையத் மீர் மோசின் உசேன் என்பவர் முக்கியமானவர். நம் ஆற்காட்டுக்காரர். லண்டனிலிருந்து வந்த பாரோ என்ற கருவி நிபுணர் போன பிறகு, அந்தப் பொறுப்புக்கே உயர்ந்தார். பெரிய வட்டங்களில் மறுபடி கோடு பிரிக்கும் நுட்பமான வேலையைச் செய்த கை அவருடையது. பள்ளிப் புத்தகத்தில் எவரெஸ்ட் பெயர் இருக்கிறது. ஆற்காட்டுக்காரர் பெயரை நாமாவது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் காற்று

தம்பி கிளம்பும்போது ஒரு விஷயம் சொல்லி அனுப்பினேன். இங்கே பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. இரும்பை உப்புக்காற்று தின்னும் வேகத்தில் நம் ஊரை மிஞ்ச உலகத்தில் அதிக இடங்கள் இல்லை. காரைக்குடி சிக்ரிக்காரர்கள் மண்டபம் முகாமில் துருவை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இங்கே இன்று இறுக்கிய திருகு ஆறு மாதத்தில் அதே திருகாக இருக்காது.

1914இல் திறந்த நம் பழைய பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருந்த ஷெர்சர் தூக்கு, இரண்டு பக்கமும் கைபோல மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். மறுபடி இறங்கும்போது இரண்டு கையும் நடுவில் ஒன்று சேர்ந்து, தண்டவாளம் தண்டவாளத்தோடு பொருந்த வேண்டும். கடலுக்கு மேலே, உப்புக்காற்றில், நூறு வருடத்துக்கும் மேலாக அது பொருந்தியது. தானாகப் பொருந்தவில்லை. எண்ணெய் போட்டு, துருவைச் சுரண்டி, திருகை மாற்றிக்கொண்டே இருந்த ஆட்களால் பொருந்தியது. அவர்களில் சிலர் நம் ஊர்க்காரர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நாற்பது நாள் கழித்து தம்பி போன் செய்தான். படையின் ஆயுதப் பணிமனையில் அடித்தளத்தைக் கழற்றிப் பார்த்தார்களாம். முன் திருகு குழியின் அடியில் முட்டி நின்றிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் யாரோ மாற்றிப் போட்ட திருகு. குட்டையான திருகு போட்டு, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி சுட்டானாம்.

"சரியாகிவிட்டதா மாப்ள?"

"பாதி சரியாகிவிட்டது மாமா. குண்டு இப்போது வலது பக்கம் ஓடவில்லை. ஆனால் ஐந்தில் ஒன்று மட்டும் இன்னும் விலகுகிறது. வாத்தியார் சொன்னதும் உண்மைதான். நான் விசையை வெடுக்கென்று இழுக்கிறேன். திருகின் தப்பு இருந்த வரையில் என் தப்பு எனக்குத் தெரியவில்லை."

போட்டியில் அவன் பெயர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். இருக்கிறதாம். அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதில் கிடைத்த மகிழ்ச்சி அதைவிடப் பெரியது. 1983இல் அதைச் சொல்ல எனக்கு ஒரு சங்கிலிக்காரர் தேவைப்பட்டார்.

லாம்டன் கருவியைப் பிரித்துப் போட்ட அதே திருச்சியில் 1960-களிலிருந்து மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள், கூடாரத்துக்குள் ஆறு வாரம் மரச் சுத்தியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மண்டபம் முகாமில் இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்க வைத்துச் சோதித்த காலத்தைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். அந்தக் காலத்து நினைவு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒரு மாலை நேரம் என் திண்ணைக்கு வாருங்கள். காபி தயார்.